கடைத்தெருவில் முருகனுக்கு ஓர் அறை: நியூ ஜெர்சி ஜோனிங் அனுமதிக்கு என் மதிப்பெண்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

அனுமதி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் போட்ட மதிப்பெண் இல்லை இது. கிடைக்காமல் போயிருந்தாலும் மூன்றுக்குக் கீழே இறக்கியிருக்க மாட்டேன். தோசைக்கும் செருப்புக்கும் மதிப்புரை எழுதுகிறோம். இவ்வளவு காசு கொட்டி வாங்கிய ஒரு சேவைக்கு எழுதாமல் விடுவானேன் என்றுதான் உட்கார்ந்தேன். சேவை என்னவென்றால், வணிகப் பகுதியில் உள்ள ஒரு கடை அறையில் சாமி கும்பிடக் கூடுவதற்கு டவுன்ஷிப்பிடம், அதாவது ஊர் நிர்வாகத்திடம், அனுமதி வாங்குவது. இடம், மத்திய நியூ ஜெர்சி. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அதே ஊரில்தான் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம்.

எங்களுடையது முருகன் பஜனைக் குழு. சாதாரண நாளில் நாற்பது பேர், கிருத்திகைக்குக் கொஞ்சம் கூடும். லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்திருக்கிறோம். திண்டுக்கல்லில் கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதியவள் என்பதால் பொருளாளர் பதவி என் தலையில் விழுந்தது. ரொம்ப வருடம் ஆளாளுக்கு வீட்டுப் பேஸ்மென்டில் நடத்தினோம். பனிக்காலத்தில் தெருவின் இரண்டு பக்கமும் கார் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்; அவரைக் குறை சொல்ல முடியாது, பனி அள்ளும் வண்டி உள்ளே வர முடியாதே. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். வேலாயுதத்தையும் படங்களையும் கார் டிக்கியில் ஏற்றி, அங்கே இறக்கி, மறுபடி ஏற்றி. கற்பூரம் கூடாது. கூடைப்பந்து ஆட்டம் வந்தால் முருகனுக்கு லீவு.

இந்த நிலையில்தான் ஒரு சாலையோரக் கடைத்தொகுதியில் கார்பெட் கடை காலி செய்துவிட்டுப் போன அறை கண்ணில் பட்டது. பக்கத்தில் பல் டாக்டர், வருமானவரிக் கணக்கர், கராத்தே பள்ளி, மூலையில் பீட்சா கடை. கராத்தே பள்ளிக்கு யாரும் விசேஷ அனுமதி கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். ஏன் என்று புரிந்துகொள்ள டவுன்ஷிப்பின் ஜோனிங் விதிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் (ஊரை மண்டலங்களாகப் பிரித்து எங்கே என்ன நடத்தலாம் என்று சொல்வதுதான் ஜோனிங்). இணையத்திலேயே இருக்கிறது, இலவசம். அந்த வணிக மண்டலத்தில் என்னென்ன நடத்தலாம் என்று ஒரு பட்டியல்: கடை, அலுவலகம், உடற்பயிற்சிக்கூடம், நடன வகுப்பு, திரையரங்கம், விருந்து மண்டபம். வழிபாட்டுக்கூடம் அதில் இல்லை. அதைத் தேடிப் போனால் குடியிருப்பு மண்டலப் பக்கத்தில், குறைந்தது மூன்று ஏக்கர் நிலம் என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஏக்கர் வாங்க வழியுள்ளவர்கள் கார்பெட் கடையை ஏன் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்!

பட்டியலில் இல்லாத காரியத்துக்கு ‘யூஸ் வேரியன்ஸ்’ என்ற விதிவிலக்கு வாங்க வேண்டும். கொடுக்கிறவர்கள் ஜோனிங் போர்டு. ஏழு பேர், ஊர்க்காரர்கள்தான். ஏழில் ஐந்து பேர் ஆமாம் சொல்ல வேண்டும். நான்கு பேர் ஆதரித்து மூன்று பேர் எதிர்த்தால் வேறெங்கும் ஜெயித்தது கணக்கு. இங்கே தோற்றது கணக்கு. யாராவது ஒருவர் காய்ச்சலில் வராமல் போய், பதில் உறுப்பினரும் இல்லாமல் ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும் அதே ஐந்துதான். ஆறு பேர் வந்த ஒரு நாளில் எங்கள் வக்கீல் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவர் கொடுத்த பில்லில் உருப்படியான வரி என்றால் அதைத்தான் சொல்வேன்.

அறையின் சொந்தக்காரர் உடனே லீஸில் கையெழுத்து கேட்டார். நான் போடவிடவில்லை. ஜோனிங் அனுமதி கிடைத்து, மேல்முறையீட்டுக்கான காலமும் முடிந்த பிறகுதான் வாடகை ஓடத் தொடங்கும் என்று ஒரு பத்தி சேர்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தோம். சும்மா கிடந்த அறை என்பதால் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டார், நியாயம்தான். வேறொரு ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு குழு இந்தப் பத்தி இல்லாமல் கையெழுத்து போட்டு, விளக்கேற்ற முடியாத அறைக்கு மாதாமாதம் வாடகையும் அதன் மேல் சொத்துவரிப் பங்கும் கட்டிக்கொண்டிருந்தது. இந்த மதிப்புரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் லீஸ் பற்றிய இந்த வரியை வையுங்கள்.

டவுன்ஷிப் அலுவலக ஜன்னலுக்கு ஐந்துக்கு ஐந்து. அங்கிருந்த அம்மாள் எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த வரைபடம் என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தார். அறையிலிருந்து இல்லை, அந்த மொத்த மனையின் எல்லையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே சான்றஞ்சலில் அறிவிப்பு போக வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியிட வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை டவுன்ஷிப்பே தரும். மாநிலச் சட்டப்படி அதற்குப் பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், இதில் எது அதிகமோ அதுதான் உச்சம். இந்த மொத்தக் காரியத்திலேயே மலிவான சரக்கு. ஆனால் அதில் உள்ள ஒருவருக்கு அறிவிப்பு விட்டுப்போனாலும் விசாரணை செல்லாது. அஞ்சலக ரசீதுகளை நானே வரிசையாக ஒட்டி வைத்தேன், வங்கிப் பழக்கம்.

வக்கீல் இல்லாமல் போக முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தனி மனிதர் போகலாம். பதிவு பெற்ற அமைப்பு என்றால் நியூ ஜெர்சியில் வக்கீல்தான் முன்னால் நிற்க வேண்டும், லாபநோக்கற்றதாக இருந்தாலும். இரண்டு பேரைப் பார்த்தோம். முதலாமவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ‘ஆர்லூபா’ என்றார். மத நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை இங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். கேஸ் போடுவோம், ஊரை நடுங்க வைப்போம் என்ற தோரணை. எங்கள் பஜனை மாமா (எல்லோருக்கும் அவர் மாமாதான், வயது எண்பது) வெளியே வந்ததும், “ஏம்மா, நாம பாட்டுப் பாடத்தானே இடம் கேக்கறோம்?” என்றார். அந்த வக்கீலை எடுக்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை நான் படித்துப் பார்த்தேன். படிக்க வேண்டியதுதான். டெக்சாஸில் போர்னி என்ற ஊரில் ஒரு சர்ச் இடம் பற்றாமல் கட்டடத்தைப் பெரிதாக்கக் கேட்டது. பழைமைப் பாதுகாப்புப் பகுதி என்று நகரம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. மதச் சுதந்திரத்துக்காக 1993இல் போட்டிருந்த சட்டம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தாது என்று 1997இல் தீர்ப்பு வந்தது. அந்த ஓட்டையை நிலப் பயன்பாடு வரைக்குமாவது அடைக்கத்தான் 2000 செப்டம்பரில் கிளிண்டன் கையெழுத்தில் ஆர்லூபா வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அதில் முக்கியமானது சம நடத்தைப் பிரிவு: மதமல்லாத கூட்டங்களுக்கு இடம் கொடுக்கும் ஊர், மதக் கூட்டத்தை அதைவிட மோசமான விதியில் நடத்தக் கூடாது.

ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற சின்னக் கடலோர ஊரில் இதே கதை. வணிகப் பகுதியில் தனியார் கிளப் வைக்கலாம், யூதர்களின் தொழுகைக்கூடமான சினகாக் வைக்கக் கூடாது. ஒரு சபை ஒரு வங்கியின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தொழுதுகொண்டிருந்தது. சபாத் என்ற வார ஓய்வு நாளில் அவர்கள் கார் ஓட்ட மாட்டார்கள். வயதானவர்கள் நடந்து வர அந்த இடம்தான் வசதி. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. அரிசோனாவின் யூமா நகரம் இன்னும் கிட்டத்தில் வருகிறது: பழைய ஜேசி பென்னி துணிக்கடைக் கட்டடத்தை ஒரு சர்ச் வாங்கியது. கலையரங்கும் சங்கக் கட்டடமும் அந்தத் தெருவில் கேட்காமலே வரலாம், சர்ச் மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பது நகரத்தின் விதி. 2011இல் நீதிமன்றம் அந்த விதி தவறு என்றது. ஆனால் அதற்குள் கடன் கட்ட முடியாமல் கட்டடம் சர்ச்சின் கையைவிட்டுப் போயிருந்தது. மிச்சம் நின்றது நஷ்டஈட்டுப் பேச்சு மட்டும். கேஸில் ஜெயித்து கட்டடத்தை இழந்தவர்கள். அந்த வரியைப் படித்ததும் ஆர்லூபா வக்கீலின் விசிட்டிங் கார்டை டிராயருக்குள் போட்டேன்.

நம் மாநிலத்துத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. லாங் பிராஞ்சில் பிராட்வே தெருவில் ஒரு சர்ச், 2007 தீர்ப்பு. கூட்ட அரங்குகளை அனுமதித்து சர்ச்சை மட்டும் விட்டுவிட்ட பழைய விதி தவறு என்றார்கள். அதே தெருவை உணவகமும் கேளிக்கையுமாக மாற்ற நகரம் போட்ட பிந்தைய திட்டத்தில் சர்ச்சை ஒதுக்கியது சரி என்றும் சொன்னார்கள். காரணம் மதுக்கடை உரிமம். இந்த மாநிலத்தில் வழிபாட்டுக்கூடத்துக்கு 200 அடிக்குள் புதிதாக மது உரிமம் கிடைக்காது. ஒரு சர்ச் வந்தால் பக்கத்து உணவகங்களுக்கு பீர் கிடையாது என்றால் கேளிக்கைத் தெரு எங்கிருந்து வரும்?

எங்கள் கட்டடக்காரருக்கும் இதே பயம். அவர் வாய்விட்டுக் கேட்கும் முன்னே இரண்டாவது வக்கீல் (சாந்தமான மனிதர், குரலே வெளியே வராது) தீர்வைச் சொல்லிவிட்டார். அந்த 200 அடிப் பாதுகாப்பை வழிபாட்டுக்கூடமே விட்டுக்கொடுக்கலாம், சட்டத்திலேயே வழி இருக்கிறது. மக்கள்தொகையில் 3,000 பேருக்கு ஒரு உரிமம் என்ற கணக்கில் கொடுக்கும் ஊரில் அந்த உரிமம் எவ்வளவு விலை போகும் என்று கட்டடக்காரருக்குத்தானே தெரியும். குழுவில் இதற்குப் பெரிய சண்டை. “முருகன் சன்னதி பக்கத்துல பார் வரட்டும்னு நாமளே கையெழுத்து போடறதா அக்கா?” என்று ஒரு தம்பி கொதித்தான். பழனி அடிவாரத்தில் என்னென்ன கடை இருக்கிறது என்று அவனிடம் கேட்டேன். உரிமத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் விட்டுக்கொடுப்போம் என்று லீஸில் எழுதிக் கொடுத்தோம். இதுவரை யாரும் வரவில்லை.

இனி இந்தச் சேவையின் சிறந்த பாகம்: பிளானர். நில அமைப்புத் திட்டம் படித்த, மாநில உரிமம் உள்ள ஒரு பெண்மணி. போர்டு முன் சாட்சி சொல்வதுதான் அவர் வேலை. வக்கீலை விட இவரிடம் அதிகம் செலவு செய்யுங்கள் என்பேன். கல்யாண வீட்டில் எத்தனை இலை விழும் என்று பந்தலைப் பார்த்தே சொல்லிவிடும் தலைமைச் சமையல்காரர் மாதிரி, வந்து நின்றதும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்: “எத்தனை இருக்கை?”

இருக்கை கிடையாது, ஜமக்காளம்.

பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் ஊர் விதியில் வழிபாட்டுக்கூடத்துக்கு மூன்று இருக்கைக்கு ஒரு கார் நிறுத்துமிடம். இருக்கையே இல்லாத இடத்துக்கு எத்தனை கார்? பூஜ்யம் என்று நாங்கள் சொல்ல முடியாது, நூறு என்று அவர்கள் சொல்லிவிடலாம். அந்த ஆபத்து எவ்வளவு நிஜம் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமிய சங்கம் 2012இல் மசூதிக்கு விண்ணப்பித்தது. அது வணிகப் பகுதி இல்லை. விதி அங்கே மசூதியை அனுமதிக்கவும் செய்தது. 150 பேருக்கு, மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 50 இடம் போதும். அதே ஊரில் சர்ச்சுகளுக்கும் சினகாக்குகளுக்கும் அந்தக் கணக்குத்தான். மசூதிக்கு மட்டும் 107 கேட்டார்கள். 39 விசாரணைக் கூட்டம் நடத்தி, கடைசியில் மறுத்தார்கள். 2016 டிசம்பர் 31 அன்று கூட்டாட்சி நீதிபதி இந்தப் பார்க்கிங் பாரபட்சம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு டவுன்ஷிப் 32.5 லட்சம் டாலர் கொடுத்து சமாதானமானது. 39 கூட்டம்! அங்கே உட்கார்ந்திருந்த பொருளாளரை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

பிளானர் செய்தது இதுதான். ஜமக்காளத்துக்குப் பதில் தரைப் பரப்பைப் பிடித்தார். கட்டட விதியில் நாற்காலி மட்டும் போட்ட கூட்ட இடத்துக்குத் தலைக்கு 7 சதுர அடி. சன்னதி மேடை, வாத்தியங்கள் வைக்கும் மூலை, செருப்பு அடுக்கு எல்லாம் கழித்து மிஞ்சும் பரப்பை 7ஆல் வகுத்து, அந்தத் தலைகளை ‘இருக்கை’ என்று வைத்து, மூன்றால் வகுத்தார். வந்த எண் எங்கள் நிஜக் கூட்டத்தை விட அதிகம். “அதிகமாக இருக்கட்டும். குறைத்துச் சொல்லி மாட்டுவதை விட இது நல்லது” என்றார். பிறகு அதே தொகுதியில் கராத்தே பள்ளிக்கு ஊர் கேட்ட இடங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்தார். ஆர்லூபா என்ற பெயரைச் சொல்லவே இல்லை. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் போர்டின் வக்கீலுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போல வழிபாட்டுக்கூடமும் இயல்பிலேயே ஊருக்கு நன்மை தரும் பயன்பாடு என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அதனால் ஏன் இந்த இடம்தான் வேண்டும் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 1992இல் வந்த சிக்கா வழக்குத் தீர்ப்பின்படி போர்டு தராசு பிடிக்க வேண்டும்: ஒரு தட்டில் நன்மை, இன்னொன்றில் அக்கம்பக்கத்துத் தொந்தரவு, அந்தத் தொந்தரவை நிபந்தனை போட்டுக் குறைக்க முடியுமா என்ற கேள்வி. ஆகவே போர்டு நிபந்தனை போடுவதை அவமானமாக நினைக்காதீர்கள். நீங்களே நாலு நிபந்தனையை எழுதிக்கொண்டு போங்கள்.

போக்குவரத்து பொறியாளருக்கு ஒன்றரை நட்சத்திரம். அரை கூடுதல், கையெழுத்து அழகு. விசாரணை நாளில் என்ன நடந்தது என்றால், பீட்சா கடைக்காரர் எழுந்து வந்தார். இங்கே சாட்சிகள் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். எல்லாமே பதிவாகும். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அவர் எங்கள் பொறியாளரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “வண்டிகளை எந்தக் கிழமை எண்ணினீர்கள்?”

புதன்கிழமை.

“என் கடைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வியாபாரம். இவர்கள் கேட்பதும் வெள்ளிக்கிழமை ராத்திரி.”

அரங்கில் யாரோ சிரித்தார்கள். போர்டு தலைவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்ற நாளிலிருந்து 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒவ்வொரு ஒத்திவைப்பிலும் காலத்தை நீட்டிக்கச் சம்மதமா என்று நம்மையே கேட்பார்கள். சம்மதமில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? மறுபடி எண்ணியதற்கும் பில் வந்தது. அது மட்டுமா, நம் பொறியாளர் எழுதியதைச் சரிபார்க்க டவுன்ஷிப் தன் பொறியாளரை வைக்கும். அவருக்கும் நம் எஸ்க்ரோ கணக்கிலிருந்துதான் (இந்தச் செலவுகளுக்காக நாம் முன்பணம் போட்டு வைக்கும் கணக்கு) பணம் போகும். கணக்கு வற்றினால் நிரப்பச் சொல்லிக் கடிதம் வரும். நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்ததன் காரணம் முழுக்க இந்த எஸ்க்ரோதான். என்ன செலவானது என்று கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காமல் கொடுப்பதில்லை. கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் பீட்சாக்காரர் சொன்னது அப்படியே உண்மை. ஏழு மணிக்குக் கார் நிறுத்த இடமில்லை. பிளானர் உடனே, வேறு நாள் உண்டா என்றார். பஜனை மாமாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “செவ்வாயும் முருகனுக்கு உகந்த நாள்தானேம்மா. வெள்ளிக்கு அவங்கவங்க வீட்ல விளக்கேத்தட்டும்” என்றார். செவ்வாய் மாலையில் பல் டாக்டரும் கணக்கரும் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள், பீட்சா கடையில் ஈ ஓட்டுவார்கள். ஞாயிறு காலை எல்லாமே மூடியிருக்கும். விஷயம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதி கிருத்திகை. அது 27 நாளுக்கு ஒருமுறை, எந்தக் கிழமையிலும் வரும். “இந்த நாளை யார் தீர்மானிக்கிறார்கள்?” என்று ஒரு போர்டு உறுப்பினர் நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். சந்திரன், என்றார் மாமா. அடுத்த ஒரு வருடத்துக் கிருத்திகை நாட்களைக் குறித்த தாளை நீட்டினோம். அதன் மேல் சான்றாவண எண் எழுதிப் பதிவில் சேர்த்தார்கள். நியூ ஜெர்சி அரசாங்கக் கோப்பு ஒன்றில் இப்போது கிருத்திகைப் பட்டியல் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் விழுந்தால் எட்டரை மணிக்குப் பிறகு தொடங்குவது என்று ஒப்புக்கொண்டோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழையபடி பள்ளிக்கூட அரங்கம்.

மற்ற ஆட்சேபங்களை வேகமாகச் சொல்கிறேன். வாசலில் செருப்புக் குவியல் நடைபாதையை மறிக்குமே என்றார் ஒருவர். அடுக்கு உள்ளே இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டினோம். மிருதங்கச் சத்தம் கேட்குமே என்றார் ஒருவர்; சுவருக்கு அந்தப் பக்கம் பலகை உடைக்கும் கராத்தே என்றோம். கோயில் வந்தால் ஊருக்குச் சொத்துவரி போய்விடும் என்றார் ஒரு பெரியவர். இதை எல்லா ஊரிலும் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்: வரிவிலக்கு சொந்தக் கட்டடத்துக்குத்தான். நாங்கள் வாடகைதாரர்; கட்டடக்காரர் முன்போலவே வரி கட்டுகிறார், அதில் எங்கள் பங்கையும் வசூலிக்கிறார். காலியாகக் கிடந்த கடையை விட ஊருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. முணுமுணுப்பாக வேறு மாதிரிப் பேச்சும் பின்வரிசையில் கேட்டது. தலைவர் ஒரே வாக்கியத்தில் அடக்கினார்: இங்கே பேச வேண்டியது கார், சத்தம், கதவு, யார் யாரைக் கும்பிடுகிறார்கள் என்பது இல்லை. அந்த வாக்கியத்துக்காகவே அரை நட்சத்திரம் ஏற்றினேன்.

ஆறு ஆமாம், ஒரு இல்லை. ‘இல்லை’ சொன்ன அம்மாள் காரணத்தையும் சொன்னார்: வணிகத் தெருவில் விளக்கெரியும் கடைகள்தான் வேண்டும், வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் அறை தெருவைச் சாகடிக்கும் என்று. எனக்கு அவர் மேல் கோபமில்லை. இந்த மொத்த விவகாரத்தில் எங்களுக்கு எதிராக வந்தவற்றில் கனமான வாதம் அதுதான். அதற்காகவே இப்போது சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்; வகுப்பு நடத்துவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, வேரியன்ஸ் வேண்டாம் என்கிறார் பிளானர்.

வாக்கெடுப்பு முடிந்தது என்று அன்றே வர்ணம் அடிக்கப் போகாதீர்கள். தீர்மானம் எழுத்தில் வர 45 நாள் வரை ஆகலாம். அது பொது அறிவிப்பாக வெளியான பிறகு இன்னொரு 45 நாள், யார் வேண்டுமானாலும் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குள் சுவரை இடித்தால் ஆபத்து நம் தலையில். பெயர்ப்பலகைக்குத் தனி அனுமதி. கட்டட அனுமதி இன்னொரு ஜன்னல்: கூட்ட இடத்தில் 49 பேரைத் தாண்டினால் இரண்டு வெளிவழி கேட்பார்கள், எங்கள் அறைக்குப் பின்கதவு இருந்தது, கார்பெட் கடைக்காரர் புண்ணியம். தீயணைப்பு அதிகாரி ஆரத்தித் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டார். ஏற்றிக் காட்டினோம். தட்டு கூட்டத்துக்குள் சுற்றி வரக் கூடாது, சன்னதியிலேயே இருக்கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் அணைப்பான் என்று எழுதிவிட்டுப் போனார். எல்லோரும் வரிசையில் வந்து தொட்டுக்கொள்கிறோம்.

உங்கள் ஊரில் தொடங்குகிறவர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன் டவுன்ஷிப் கிளார்க்கிடம் பொதுப் பதிவேட்டுச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். கடந்த சில வருடங்களில் வழிபாட்டுக்கூடம், நடனப் பள்ளி, விருந்து மண்டபம் ஆகியவற்றுக்கு ஜோனிங் போர்டு எழுதிய தீர்மானங்கள் எல்லாம் வேண்டும் என்று. ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் காசில்லை. தாளில் என்றால் சாதாரண அளவுக்குப் பக்கத்துக்கு 5 சென்ட். யாருக்கு எத்தனை கார் கேட்டார்கள் என்பது அதில் இருக்கும்.